இரட்டைக் குச்சியை நடக்க வைத்தவன்

மாரிக்கண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது அவன் நாலு காலில் நடந்துகொண்டிருந்தான்.

விருதுநகரில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் நாள். காரியாபட்டிப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பை, ஒரு தலையணை, அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு ஆகியவற்றோடு வந்து இறங்கி, எனக்கு ஒதுக்கிய அறையின் கதவைத் தள்ளினேன். உள்ளே கைலி கட்டிய ஒருவன் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றிக்கொண்டு ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய்க்கொண்டிருந்தான். எதையோ தொலைத்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"என்ன தேடுறீக?"

அவன் எழுந்திருக்கவில்லை. தலையை மட்டும் தூக்கினான். "நீங்க எந்த ஊரு?"

சொன்னேன்.

"வீட்டுல ஆடு உண்டா?"

"உண்டு."

"அப்பச் சொல்லுங்க. ஆடு நடக்கையில மொதல்ல எந்தக் கால எடுத்து வைக்கும்?"

நடக்கத் தெரிந்த நாள் முதல் ஆடுகளுக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவன் நான். ஆட்டின் வால் எனக்கு மனப்பாடம். கால் மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. "பின்னங்காலா இருக்கும்" என்றேன். "எந்தப் பின்னங்காலு? அது தரையத் தொடுறதுக்கு முன்னாடி முன்னங்கால் எந்திரிக்குமா, தொட்டப் பெறகா?" என்று அவன் விடாமல் கேட்டான். இதை வாயால் சொல்ல முடியாது என்பதால் பையை மூலையில் வைத்துவிட்டு நானும் இறங்கினேன். எதிரும் புதிருமாக நடந்து பார்த்தோம்.

அந்த நேரம் பார்த்து வார்டன் வந்தார். வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விடுதியில் பல வருடம் இருந்தவர்.

"எந்த சீனியர் பய செய்யச் சொன்னான்? பயப்படாம பேரச் சொல்லுங்கப்பா."

"யாரும் சொல்லல சார். நாங்களாத்தான்" என்றான் மாரிக்கண்ணன்.

வார்டன் நம்பவில்லை. மாடியில் இருந்த சீனியர்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டு விசாரித்தார். கல்லூரிக்கு வந்த முதல் வாரத்திலேயே விடுதி முழுக்க எங்களுக்கு எதிரிகள் சேர்ந்தது இப்படித்தான்.

எனக்கு பி.காம். அவனுக்கு பி.எஸ்சி. அனிமேஷன். இரண்டு வீட்டிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் எங்களுடையது. பி.காம். என்றால் ஊரில் "பேங்க் வேலை" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். மாரிக்கண்ணன் வீட்டில் அந்த வசதி இல்லை. அவனுடைய ஊர் சாத்தூருக்குப் பக்கம். அப்பா ஊர்க்காவலன், சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகத்துக்கு தினமும் பஸ்ஸில் போய் வருகிறவர். அம்மா வள்ளித்தாய், ஊரிலேயே இருந்த சின்ன தீப்பெட்டி கம்பெனியில் பெட்டிக்குள் குச்சி அடைக்கும் வேலை. அந்தத் தெருவில் பாதிப் பெண்களுக்கு அதே வேலைதான். மகன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் ஊர்க்காவலன் மாமா, "பொம்மைய நடக்க வைக்கிற படிப்பு" என்பார்.

"பொம்மை எதுக்குய்யா நடக்கணும்?"

"அது நடந்தாத்தான்யா இவனுக்குச் சம்பளம்."

மாரிக்கண்ணனுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. நடைதான் நிற்கும். எங்கள் பேராசிரியர் ஒருவரைப் பற்றிப் பேசினால், "யாரு, போட்டிருக்க செருப்பு தனக்குச் சொந்தமில்லங்கிற மாதிரி நடப்பாரே, அவரா?" என்பான். வார்டன் கோழி அமுக்கப் போகிறவர் மாதிரி நடக்கிறார் என்று சொன்னான். அதற்கப்புறம் மூன்று வருடமும் வார்டன் வருவதைப் பார்த்து நான் சிரிக்காமல் இருந்ததில்லை. என் நடையையும் விட்டுவைக்கவில்லை. "நீ பஸ்ஸ விட்டுட்டு, விட்டத வெளிய காட்டிக்கிடாம நடக்குறவன்லே."

இரண்டாம் வருடத்தில் அவனுக்கு நிஜமான ஒரு ஆர்டர் வந்தது. சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் சிறிய வெடி ஆபீஸ், அதாவது பட்டாசுத் தொழிற்சாலை, வைத்திருந்த ரத்தினசாமி அண்ணாச்சிக்கு லேபிள் அடிப்பது மாமாவின் அச்சகம். அந்தப் பழக்கத்தில், தீபாவளிக்கு போனில் அனுப்ப ஒரு விளம்பரம் வேண்டும், ராக்கெட்டுக்குக் கண், வாய் வைத்துப் பறக்க விட்டால் போதும் என்று அண்ணாச்சி கேட்டார். மாரிக்கண்ணன் போதும் என்று விடுகிற ஆளில்லை. ராக்கெட்டுக்கு ஒரு பெட்டி கொடுத்தான், பெட்டிக்குள் கூட்டாளிகளைக் கொடுத்தான். கடைசியில் பாட்டிலுக்குள் நிற்க வைக்கும்போது ராக்கெட் ஒருமுறை திரும்பி, பெட்டிக்குள் இருக்கும் மற்ற ராக்கெட்டுகளைப் பார்க்கும். அப்புறம்தான் மேலே போகும்.

அண்ணாச்சி தன் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொன்னார். தோள் துண்டால் மூக்கைத் துடைத்தார்.

"ஏலே, எஞ்சரக்க என்னையவே கொளுத்த விடாமப் பண்ணிட்டியேலே!"

"சிரிச்சுக்கிட்டே மேல போற மாதிரி மாத்தித் தாரேன் அண்ணாச்சி."

"வேணாம்பா. இனி அது சிரிச்சாலும் எனக்கு அளுகதான் வரும்."

விளம்பரம் வெளியே போகவில்லை. ஒரு கம்பி மத்தாப்புப் பெட்டியைக் கையில் கொடுத்து எங்களை அனுப்பிவைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் மாரிக்கண்ணனுக்கு ஒரே மகிழ்ச்சி. "அளுதாருல்ல? மொதலாளியவே அள வச்சிருக்கோம்லே." அந்தத் தீபாவளிக்கு அண்ணாச்சி தன் வீட்டில் சரவெடி மட்டும்தான் வெடித்தார் என்று பிறகு மாமா சொன்னார்.

மூன்றாம் வருடம். அனிமேஷன் மாணவர்கள் ஒவ்வொருவரும் சொந்தமாக ஒரு குறும்படம் செய்து கொடுக்க வேண்டும். வகுப்பாசிரியை பிரீத்திகா மேடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: படம் வராவிட்டால் பட்டமும் வராது. மற்றவர்கள் எல்லாரும் ரோபோ, விண்கலம், சிறகு முளைத்த குதிரை என்று கம்ப்யூட்டர் முன்னால் இடம் பிடித்தார்கள். மாரிக்கண்ணன் தன் கதாநாயகனை ஒரு பஞ்சுப் பொட்டலத்தில் வைத்து, சட்டைப் பையில் கொண்டு வந்தான்.

அது ஒரு தீக்குச்சி. சாதாரணக் குச்சி இல்லை. மருந்தில் முக்கும்போது இரண்டு குச்சிகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக வந்துவிட்டன. தலை ஒன்று, இடுப்பு வரைக்கும் உடம்பு ஒன்று, அதற்குக் கீழே விரிந்த இரண்டு கால்கள். ஒருநாள் அவன் அம்மா வள்ளித்தாய் அத்தையின் சேலை முந்தானையில் தொற்றிக்கொண்டு அதுவாகவே வீட்டுக்கு வந்திருக்கிறது.

"இதப் பாருலே. மத்த குச்சிக்கெல்லாம் ஒத்தக் காலு. இவனுக்கு ரெண்டு. இவன் நடப்பான்."

கதை இதுதான். தீக்குச்சிகளின் ஊர். எல்லாரும் பெட்டி வீட்டுக்குள் படுத்துக்கொண்டு தங்கள் முறை வருவதற்குக் காத்திருக்கிறார்கள். இரட்டைக் குச்சி மட்டும் எழுந்து நடந்து ஊரைச் சுற்றிப் பார்க்கிறான். கடைசியில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, எல்லையைத் தாண்டி வெளியே போகிறான். குச்சியை ஒரு நூல் அளவு நகர்த்தி ஒரு போட்டோ, இன்னொரு நூல் நகர்த்தி இன்னொரு போட்டோ. இப்படிப் பன்னிரண்டு எடுத்தால் திரையில் ஒரு நொடி ஓடும். காம்பஸைத் திருப்பித் திருப்பி வைப்பது போல அந்த இரண்டு காலையும் மாற்றி மாற்றி வைத்தால், சத்தியமாகச் சொல்கிறேன், அது நடந்தது. அதுவும் கொஞ்சம் தெனாவெட்டாக நடந்தது.

விடுதியில் அவ்வளவு தீக்குச்சியை வார்டன் அனுமதிக்கவில்லை. அதனால் படப்பிடிப்பு அவன் வீட்டில் நடந்தது. என் தேர்வுகள் முடிந்துவிட்டதால் விளக்குப் பிடிக்க நானும் போனேன். கட்டிலின் மேல் பலகை போட்டு, பலகையில் களிமண் பரப்பி, காலிப் பெட்டிகளால் தெரு அமைத்து, குச்சிகளை மண்ணில் குத்தி நிறுத்தினான். ஒவ்வொரு குச்சிக்கும் பேனாவால் இரண்டு கண். மாமாவும் அத்தையும் கட்டிலை ஊருக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார்கள்.

இதற்கிடையில் தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் ஏறியிருந்தது. பட்டமளிப்பு அங்கியில் மாரிக்கண்ணன். அங்கி மட்டும் வேறு யாருடையதோ, தலை அவனுடையது. மேலே 'எங்கள் தெருவின் முதல் பட்டதாரி' என்று சிவப்பு எழுத்து. மூலையில் சின்னதாக என் படம், 'வாழ்த்தும் நண்பன் முத்துப்பாண்டி பி.காம்.' என்று. எனக்கும் ரிசல்ட் வரவில்லை. ஆனாலும் என் பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகள் முதன்முதலில் அச்சானது அங்கேதான். நான் அதைப் பார்க்கவே அந்த முனைக்கு நாலைந்து முறை டீ குடிக்கப் போனேன்.

"யப்பா, இன்னும் படமே குடுக்கலையேப்பா. அதுக்குள்ள என்னத்துக்கு ஃப்ளெக்ஸ்?" என்று மாரிக்கண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு கேட்டான்.

மாமா அசரவில்லை. "தீபாவளிக்கு எம்புட்டு மாசத்துக்கு முன்னாடி வெடி செய்யிறோம்? பொங்கலுக்குக் காலண்டரு எப்ப அடிக்கோம்? சீசன் வந்தப் பெறகு ஆர்டர் குடுக்கிறவன் ஏமாளி. இப்ப மெசினு சும்மா கெடந்துச்சு, அடிச்சாச்சு."

"தேறலைன்னா?"

"சரக்கு அடிச்சாச்சு. இனித் தேறுறது ஒன் வேல."

ஆக, திங்கட்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் தெருமுனையில் நிற்கும் அந்த ஆள் பொய்யன். சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் எல்லாக் காட்சியும் முடிந்து, ஊர் எல்லையைத் தாண்டும் கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. ஊர் மக்கள் அத்தனை பேரையும் எல்லையில் நிறுத்தினோம். கலைந்து, சாய்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் எட்டிப் பார்க்கிற மாதிரி, பார்த்துப் பார்த்து நிறுத்தினான். அப்போது போன் சார்ஜர் உயிரை விட்டது. சாத்தூருக்குப் போய் சார்ஜர் வாங்கினோம். சாத்தூர் வரை போய்விட்டுக் காரச்சேவு வாங்காமல் திரும்ப முடியாது என்பதால் அதையும் வாங்கினோம்.

திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் பெண்கள் செருப்பு நிறையக் கிடந்தது. உள்ளே அத்தை, பக்கத்து வீட்டு பானுப்பிரியா அக்கா, முருகம்மாள் சித்தி, இன்னும் சிலர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து யார் வீட்டுக் கல்யாணத்தையோ பேசிக்கொண்டிருந்தார்கள். கட்டில் சுத்தமாக இருந்தது. குச்சி ஒன்றைக்கூடக் காணோம்.

மாரிக்கண்ணன் குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தான். நான்தான் கேட்டேன். "அத்த, ஊரு எங்க?"

"வாங்கப்பா. படம் எடுக்கிற எடத்தப் பாக்கணும்னு இவளுக கேட்டாளுக. நாந்தான் கூட்டியாந்தேன்" என்றார் அத்தை பெருமையாக.

"பாத்துக்கிட்டே பேசிக்கிட்டு இருந்தோமா, பேச்சோட பேச்சா கை போயிருச்சு தம்பி" என்றார் பானுப்பிரியா அக்கா. "குச்சியும் கெடக்கு, வெறும் பெட்டியும் கெடக்கு. கை சும்மா இருக்குமா? அடச்சுட்டோம்."

ஊர் மக்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் அடைபட்டிருந்தார்கள். எல்லாத் தலையும் ஒரே பக்கம்.

"களிமண்ணுல குத்தி வச்சிருந்தேனேக்கா!"

"கால் மண்ணெல்லாம் தொடச்சுத்தான்ப்பா வச்சோம்" என்றார் முருகம்மாள் சித்தி, மனம் நொந்துபோய். "அதுல அம்புட்டுக்கும் கண்ணு வேற போட்டிருக்க. அடைக்க அடைக்க எங்களையே பாக்குதுக. எனக்குக் குலையே நடுங்கிருச்சு."

"பெட்டியெல்லாம் எங்க?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சும்மாதான கெடக்குன்னு ஆளுக்கு ஒண்ணு ரெண்டு வீட்டுக்குக் குடுத்துவிட்டோம்."

அப்புறம் நாங்கள் தெருவில் ஓடினோம். வீடு வீடாக ஏறி, "அத்த, ரெண்டு கால் உள்ள குச்சி இருக்கா பாருங்க" என்று கேட்டோம். ஒரு வீட்டில் பெட்டியை வெளியே எடுத்து ஜன்னலில் வைத்திருந்தார்கள். அந்த வீட்டம்மா சொன்னார்: "அடுப்புப் பத்த வைக்கலாம்னு ஒண்ண எடுத்தா, அது என்னையப் பாக்குது தம்பி. எங்குட்டு உரச? நைசா உள்ள வச்சு மூடிட்டேன்." டீக்கடைக்காரர் பெத்தணனுக்கு அப்படி எந்த இளக்கமும் இல்லை. அவர் ஊர் மக்களில் நாலைந்து பேரைப் பீடிக்குப் பலி கொடுத்திருந்தார். எல்லாப் பெட்டியையும் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலில் கொட்டித் தேடினோம். இரட்டைக் குச்சி இல்லை.

பானுப்பிரியா அக்கா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே காரச்சேவு தின்றுகொண்டிருந்தார். "எந்தக் குச்சியத் தேடுறீக?"

"இரட்டைக் குச்சிக்கா! ஒட்டிப் போன குச்சி!"

"அத எவளாச்சும் பெட்டியில போடுவாளா? பெட்டி மூடாதுல்ல? கம்பெனியில அப்படிப் போட்டுட்டா மேஸ்திரி கத்துவாரு. அத நாங்க களிச்சுக் கீள போட்டுட்டோம்."

வேலை சுத்தமாக நடந்திருந்தது. படத்தின் கதாநாயகன் மட்டும்தான் கழிவு.

கீழே போட்டதை யார் கூட்டியது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அத்தையின் முகத்திலேயே தெரிந்தது. அவர் மெதுவாகக் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினார். "நீ வெயில்ல அலஞ்சுட்டு வாரியேன்னு குளிக்க வெந்நி போட்டேன்யா. ரெட்டைக் குச்சி கெடந்துச்சு. நல்லாப் புடிக்குமேன்னு..."

கொல்லையில் வெந்நீர் அடுப்பு நிதானமாக எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னால் சாம்பலில் அவன் கிடந்தான். அத்தை உரசிப் பற்ற வைத்துவிட்டு ஊதி அணைத்துப் போட்டிருக்கிறார். தலை கரிக்கட்டை. கழுத்தும் கருப்பு. பேனாவில் போட்ட கண்கள் எங்கே போயினவோ. இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் அப்படியே இருந்தன.

மாரிக்கண்ணன் அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு அடுப்பு முன்னால் உட்கார்ந்தான். ராக்கெட்டுக்காக அண்ணாச்சி அழுததைப் பார்த்துச் சிரித்தவன், அன்றைக்கு ஒரு தீக்குச்சிக்காக அழுதான். தெருவே கொல்லையில் கூடிவிட்டது. ஒரு துக்க வீட்டில் நிற்பது போல எல்லாரும் கை கட்டி நின்றார்கள். மாமா அச்சகத்திலிருந்து அப்போதுதான் வந்தார். யாரோ அவர் காதில் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் தெருமுனைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவ்வளவு நாளில் முதன்முறையாக அவர் முகத்தில் கலக்கம் தெரிந்தது.

"ஃப்ளெக்ஸ வேணா கொஞ்ச நாளைக்குத் திருப்பிக் கட்டி வைக்கட்டுமாடா?"

அத்தைதான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார். "எந்திரிலே. நடக்க வைக்கிற படிப்புன்னுதான சொன்ன? தலைதான போச்சு. காலு ரெண்டும் இருக்குல்ல?"

மாரிக்கண்ணன் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான். பிறகு குச்சியைப் பார்த்தான். அதைத் தரையில் நிறுத்தி ஒரு காலைத் திருப்பி வைத்தான். அடுத்த காலைத் திருப்பி வைத்தான். தலை கருகிய பிறகு அதன் நடையில் தெனாவெட்டு இன்னும் கூடியிருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவன் வெளிய போகல" என்றான். "போயிட்டுத் திரும்பி வாரான்."

மறுநாள் காலையிலேயே பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. நாங்கள் இரண்டு பேர் மத்தியானம் வரை நிறுத்திய கூட்டத்தை அவர்கள் ஒரு கல்யாணக் கதை முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். ஒரே ஒரு சிக்கல். அத்தனையும் கோடு போட்டது போல நேராக நின்றன.

"அக்கா, கொஞ்சம் கோணலா நிப்பாட்டுங்கக்கா. கூட்டம்னா கலஞ்சு நிக்கணும்."

பானுப்பிரியா அக்கா முயன்று பார்த்தார். ஒன்றைச் சாய்த்து வைத்தார். அவர் விரலே திரும்பப் போய் அதை நிமிர்த்தியது. "வர மாட்டேங்குதுப்பா. கை கூசுது."

அப்படியே விட்டோம். கதையை அவன் மாற்றியிருந்தான். தலை கருகிய இரட்டைக் குச்சி ஊருக்குத் திரும்பி வருகிறான், வரிசையாக நிற்கிற மக்களைக் கடந்து நடக்கிறான், மறுபடி வெளியே கிளம்புகிறான். இந்த முறை ஊரே ஒற்றைக் காலில் அவன் பின்னால் நொண்டிக்கொண்டு கிளம்புகிறது. ஒவ்வொரு போட்டோவுக்கும் எல்லாக் குச்சியும் நகர வேண்டும். எனவே ஆளுக்கு ஒரு வரிசை.

"மாரி, இப்ப நகட்டவா?"

"நகட்டுங்கக்கா. ஒரு நூலு."

"நகட்டியாச்சு."

"கைய எடுங்க. சித்தி, வளையலு படத்துல விளுது. ஏன் சித்தி, உங்க வரிச மட்டும் பஸ் பிடிக்க ஓடுது?"

"பேசிக்கிட்டே நகட்டுனா அப்படித்தான்டா போவும்" என்றார் முருகம்மாள் சித்தி. "பேசாம வேல பாக்க எங்களுக்கு வராது."

திங்கட்கிழமை படம் போய்ச் சேர்ந்தது. சில நாள் கழித்துத் திரையிட்டார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். பி.காம். மாணவனுக்கு அந்த அறையில் வேலை இல்லை. ஆனாலும் நான் பின்பெஞ்சில் இருந்தேன்.

"ஆரம்பத்துல மக்கள் வீட்டுக்குள்ள கலைஞ்சு கிடக்கிறாங்க. கடைசியில இராணுவம் மாதிரி வரிசையா நிக்கிறாங்க. அந்த மாற்றத்தின் மூலமா என்ன சொல்ல வர்றீங்க?"

"ஒண்ணும் சொல்ல வரல சார்" என்றான் மாரிக்கண்ணன். "அது எங்க தெரு அக்காமாரு நிப்பாட்டுனது. அவுகளுக்குக் கோணலா வைக்க வராது."

பிரீத்திகா மேடம் இருமினார்.

"சரி. ஒரு வரிசை மட்டும் வேகமா முந்திப் போகுதே?"

"அது எங்க சித்தி சார்."

"தலை கருகின எஃபெக்ட் ரொம்ப இயல்பா இருக்கு. எந்த சாஃப்ட்வேர்?"

"வெந்நி அடுப்பு சார்."

தேர்வாளர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை போடச் சொன்னார். இந்த முறை அவர் கேள்வி கேட்கவில்லை. சித்தியின் வரிசை முந்திப் போன இடத்தில் மட்டும் சத்தமாகச் சிரித்தார்.

ரிசல்ட் வந்த அன்று இருவரும் தேறியிருந்தோம். மாமா ஈரத்துணி எடுத்துப் போய், ஃப்ளெக்ஸில் எங்கள் இருவர் முகத்திலும் படிந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டு வந்தார். "நான் அப்பவே சொல்லியாச்சு" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். படத்தைத் தெருப் பெண்கள் போனில் பார்த்தார்கள். கதை யாருக்கும் தேவைப்படவில்லை. "இந்தா, இது நான் நிப்பாட்டுன ஆளு", "அது ஒன் ஆளு இல்லடி, என் ஆளு" என்று சண்டைதான் நடந்தது.

மாரிக்கண்ணன் இப்போது மதுரையில், குழந்தைப் பாட்டு வீடியோ செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். கோயில் கொடைத் திருவிழாவுக்குத் தவறாமல் ஊருக்கு வருகிறான். ஃப்ளெக்ஸ் அவன் வீட்டுக் கொல்லையில், வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் விறகு நனையாமல் மூடியிருக்கிறது. கம்பெனியில் அவனுக்கு ஆடு நடக்கும் காட்சிகளைக் கொடுத்திருக்கிறார்கள்.